பூதப்பாண்டியில் பிறந்தார், வண்ணாரப்பேட்டையில் வென்றார்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பூதப்பாண்டி பஸ் ஏறினால் புத்தேரி, இறச்சகுளம் தாண்டி அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். வழியெல்லாம் வயல். இப்போது வயலுக்கு நடுவே பிளாட் கல்லும் நிற்கிறது என்பது வேறு விஷயம். ஊரை நெருங்கும்போது தாடகை மலை தெரியும், மல்லாந்து படுத்துக் கிடக்கும் பெண்ணைப் போல. ராமனின் அம்பு பட்டு விழுந்த தாடகைதான் அது என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த மலையடிவாரத்தில் 1907 ஆகஸ்ட் 21 அன்று பிறந்தவர் ப. ஜீவானந்தம். கம்பனை மேடையில் மணிக்கணக்காகப் பேசிய கம்யூனிஸ்டுக்குத் தாடகை மலை பிறந்த ஊர் அடையாளமாக வாய்த்தது நல்ல பொருத்தம்தான்.

ஜீவா என்றால் குமரி மாவட்டத்தில் கட்சி பேதமில்லாமல் மரியாதை உண்டு. நாகர்கோவிலில் அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது. காங்கிரஸ்காரரும் 'நம்ம ஊர்க்காரர்' என்பார், திராவிடக் கட்சிக்காரரும் அதையே சொல்வார். ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. பூதப்பாண்டி இருப்பது கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியில். மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகு நடந்த முதல் தேர்தலில் இருந்து 2021 வரை அங்கே ஒரு கம்யூனிஸ்டும் வென்றதில்லை. இந்த மாவட்டத்தில் செங்கொடி வென்றதெல்லாம் மேற்கே, பெரும்பாலும் கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டிலும் திருவட்டாரிலும். ஜீவாவே வாழ்நாளில் சட்டமன்றத்துக்குப் போனது ஒரே ஒரு முறை, அதுவும் சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து.

பிறந்த ஊர் கொண்டாடுகிறது, ஓட்டு மட்டும் போடவில்லை. ஏன்? ஜீவா பொதுவுடைமைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்று பார்த்தால் இதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அவர் ஆலை வாசல் வழியாக வரவில்லை. தெரு வழியாக வந்தார், பந்தி வழியாக வந்தார், தமிழ் வழியாக வந்தார்.

முதலில் தெரு.

அன்றைய பூதப்பாண்டி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தோவாளை தாலுகா. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நெல் விளையும் பகுதிக்குத்தான் நாஞ்சில் நாடு என்று பெயர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம். பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-இல், ஜீவா பிறப்பதற்கு முந்தைய வருடம். தண்ணீர் நிச்சயமானால் நிலத்துக்கு மதிப்பு கூடும், நிலம் வைத்திருப்பவனுக்கும் மதிப்பு கூடும். அந்த நிலம் பெரும்பாலும் வேளாளரிடமும் கோயில்களிடமும் இருந்தது. இறங்கி நட்டவர்களும் அறுத்தவர்களும் வேறு ஆட்கள். அவர்கள் கோயில் தெருவில் நடக்க முடியாது, சில வாய்க்கால் படித்துறையில் கால் வைக்க முடியாது. சமஸ்தானமே சாதி முறையைச் சட்டம் போல நடத்திய காலம் அது. இன்னொரு பக்கம், நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்குள்ளேயே மருமக்கள் வழிச் சொத்துரிமை பெரிய தலைவலியாக இருந்தது. அப்பன் சொத்து மகனுக்கு இல்லை, சகோதரி மகனான மருமகனுக்கு. வீட்டுக்கு வீடு வழக்கு. 1926-இல்தான் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். ஆக, ஜீவாவின் இளவயதில் ஊரில் சொத்து யாருக்கு, தெரு யாருக்கு என்ற இரண்டு கேள்வியும் திண்ணைப் பேச்சாகவே இருந்தன.

பெற்றோர் வைத்த பெயர் சொரிமுத்து, குலதெய்வத்தின் பெயர். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவனை, தாழ்த்தப்பட்ட சாதிப் பையனை, போகக்கூடாத தெருவுக்குள் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார் என்றும், அதனால் வீட்டிலும் ஊரிலும் பெரிய ரகளை ஆனது என்றும் சொல்வார்கள். அம்மா இறந்தபோது சடங்குக்குக் கதர் வேட்டிதான் உடுத்துவேன் என்று பிடிவாதம் பிடித்ததும் அப்படி வழிவழியாகச் சொல்லப்படும் கதைதான். எழுத்துக்கு எழுத்து இப்படித்தான் நடந்ததா என்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. கதைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதுதான் முக்கியம். கூலி, பஞ்சம், முதலாளி எதுவும் இந்தக் கதைகளில் வராது. எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தத் துணியை யார் உடுத்தலாம் என்பதே வரும்.

1924-இல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கலாமா கூடாதா என்பதுதான் வழக்கு. அங்கே போன இளைஞர்களில் பதினேழு வயது ஜீவாவும் ஒருவர். அப்புறம் சுசீந்திரம். பூதப்பாண்டிக்காரருக்கு வைக்கம் தொலைவு, சுசீந்திரமோ வீட்டு முற்றம் மாதிரி. தாணுமாலயன் கோயில் தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்ற போராட்டத்திலும் அவர் இருந்தார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 நவம்பர் ஆனது. அதற்குள் ஜீவா ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

அடுத்து பந்தி. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் காங்கிரஸ் பணத்தின் உதவியோடு ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தக் கல்வி என்று பெயர், ஆனால் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924-25-இல் அது பெரிய சண்டையாக வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்குப் பின்னணியில் இந்தப் பந்தியும் உண்டு. குருகுலத்தில் இருந்த ஜீவாவும் அந்தச் சண்டையில் பெரியார் பக்கம் சேர்ந்து வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் பல கிளைகளை அடிவேர் வரை தோண்டிப் பார்த்தால் கடைசியில் ஒரு சாப்பாட்டுப் பந்தி வந்து நிற்கும். ஜீவாவின் கிளையும் அங்கிருந்து புறப்பட்டதுதான்.

சேரன்மாதேவியை விட்டவர் காரைக்குடிப் பக்கம் சிராவயலுக்குப் போய் ஓர் ஆசிரமத்தை ஏற்று நடத்தினார். நூல் நூற்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, கிடைத்ததையெல்லாம் படிப்பது. அவருடைய படிப்பு முக்கால்வாசி அங்கே நடந்தது என்பார்கள். 1927-இல் செட்டிநாட்டுப் பயணத்தின்போது காந்தி அங்கே வந்தார். வர்ணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை எதிர்த்து ஜீவா முன்பே கடிதம் எழுதியிருந்தார், எழுதியது யார் என்று பார்க்கவே காந்தி வந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. உனக்குச் சொத்து என்ன இருக்கிறது என்று காந்தி கேட்க, இந்தியாதான் என் சொத்து என்று இவர் சொல்ல, இல்லை, நீதான் இந்தியாவின் சொத்து என்று காந்தி திருப்பிச் சொன்னதாக அந்தக் கதை முடியும். மேடைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கிவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது கடைசி வசனமல்ல, முதலில் வரும் கடிதம். இருபது வயதுப் பையன், கதர் கட்டியவன், காந்தியின் பெயரால் நடக்கும் வேலையைச் செய்துகொண்டே காந்திக்கு 'நீங்கள் சொல்வது தப்பு' என்று எழுதுகிறான். பிற்காலத்தில் பெரியாரிடமும் இதைத்தான் செய்தார்.

மூன்றாவது தமிழ். தனித்தமிழ் இயக்கத்தின் வேகத்தில் தன் பெயரை 'உயிரின்பன்' என்று மாற்றிக்கொண்டார். ஜீவன் உயிர், ஆனந்தம் இன்பம். அந்த இயக்கத்தின் தலைவர் மறைமலையடிகளைப் பார்க்கப் பல்லாவரம் போனபோது, கதவு தட்டும் சத்தம் கேட்டு அவர் உள்ளேயிருந்து 'யார், போஸ்ட்மேனா?' என்று குரல் கொடுத்தாராம். அந்த ஒரு வார்த்தையில் இவருக்குத் தனித்தமிழ் ஆசை கலைந்துவிட்டது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். பெயர் திரும்பவும் ஜீவானந்தம் ஆனது. ஆனால் தமிழ்மீது இருந்த பிடி தளரவில்லை, இடம் மாறியது. வார்த்தையைச் சலித்து எடுப்பதை விட்டுவிட்டு, உழைக்கிறவன் பேசும் தமிழையும் கம்பன் பாடிய தமிழையும் ஒரே மேடையில் உட்கார வைப்பது எப்படி என்று பார்க்க ஆரம்பித்தார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சுயமரியாதை இயக்கத்தில் அவர் இருந்த வருடங்கள்தான் திருப்புமுனை. பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1932 கடைசியில் திரும்பினார். கம்யூனிஸ்ட் முன்னோடி சிங்காரவேலர் திட்டம் எழுதிக்கொடுத்தார். ஈரோட்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர். சாதி ஒழிப்போடு சமதர்மத்தையும் சேர்த்துப் பேசும் இந்தப் பாதை ஜீவாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. பகத் சிங் சிறையில் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' என்ற கட்டுரையை அவர் தமிழாக்கினார். அது புத்தகமாக வந்ததும் மொழிபெயர்த்த இவரும், வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள். 1934-இல் கம்யூனிஸ்ட் கட்சியை அரசு தடை செய்தது. இயக்கத்தின் மீதும் நெருக்கடி வந்தது. பெரியார் சமதர்மப் பிரச்சாரத்தைக் குறைத்துக்கொண்டு சமூகச் சீர்திருத்தத்தோடு நின்றுகொள்ள முடிவு செய்தார். இயக்கத்தைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது என்பது அவர் தரப்பு நியாயம். ஜீவா ஒத்துக்கொள்ளவில்லை. தனியாகப் பிரிந்தவர்கள் சுயமரியாதை சமதர்மக் கட்சி கண்டார்கள், அது கொஞ்ச காலத்தில் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியோடு சேர்ந்தது. அங்கிருந்து கம்யூனிஸ்ட் கட்சி. பி. ராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம், பி. சீனிவாச ராவ் என்று தமிழகத்தில் கட்சியைத் தொடங்கிய சிறு குழுவில் ஜீவாவும் இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் தொழிற்சங்கம், மார்க்சியப் படிப்பு வழியாக வந்தவர்கள் இருந்தார்கள். பெரியாரின் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஜீவா. சாதி என்பது பொருளாதாரம் மாறினால் தானாக உதிர்ந்துவிடும் சங்கதி என்று அவரால் எளிதாக நினைக்க முடிந்திருக்காது. பூதப்பாண்டித் தெருவில் வளர்ந்தவருக்கு அப்படி நம்புவது கஷ்டம். 1937 நவம்பரில் 'ஜனசக்தி' பத்திரிகை தொடங்கியபோது அவர் அதன் ஆசிரியர். கோவை, மதுரை என்று பஞ்சாலை ஊர்களில் வேலைநிறுத்தக் கூட்டங்களில் பேசினார். வெறும் கோரிக்கைப் பட்டியல் அவர் பேச்சில் இருக்காது, பாரதி வருவான், கம்பன் வருவான், நடுவே அவரே கட்டிய பாட்டும் வரும். காலுக்குச் செருப்பில்லாதவன், கால் வயிற்றுக் கூழில்லாதவன் பாடுவதாக அவர் எழுதிய பாட்டு தொழிலாளர் ஊர்வலங்களில் ரொம்ப காலம் ஓடியது.

யுத்த காலத்துத் தடை, நாடுகடத்தல், சிறை, 1948-க்குப் பிறகு தலைமறைவு இவற்றையெல்லாம் விரித்தால் இந்தக் கட்டுரை நிற்காது. நேரே 1952-க்குப் போகலாம்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். ஆந்திரம், மலபார் எல்லாம் சேர்ந்த பழைய சென்னை மாகாணத்தின் சட்டமன்றத்தில் 375 இடம். காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, கம்யூனிஸ்டுகள் அறுபதுக்கு மேல் வென்று பெரிய எதிர்க்கட்சி ஆனார்கள். அந்த அறுபதில் ஒருவர் வண்ணாரப்பேட்டை ஜீவா. ரயில்வே, துறைமுகம், தோல் கிடங்கு, ஆலை என்று உழைப்பாளிகள் நிறைந்த வடசென்னை அவரைத் தேர்ந்தெடுத்தது. ராஜாஜி முதலமைச்சராக வந்து, கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று சபையிலேயே அறிவித்தார்.

ஏன் சொந்த ஊரில் நிற்கவில்லை என்ற கேள்விக்கு 1952-இல் பதில் ரொம்பச் சாதாரணம்: சொந்த ஊர் வேறு மாநிலத்தில் இருந்தது. பூதப்பாண்டி திருவிதாங்கூர்-கொச்சியில், அவர் அரசியல் செய்தது சென்னை மாகாணத்தில். இந்தச் சின்ன விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜீவா அரசியலில் முதிர்ந்த வருடங்கள் முழுவதும் எல்லைக்கு இந்தப் பக்கம் கழிந்தன. ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் கிளை, சங்கம், வாரக் கூட்டம் என்று அமைப்பை வளர்க்க நேரம் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்தால் பேசிவிட்டுப் போகும் விருந்தாளி மாதிரிதான்.

அப்புறம் எல்லைப் போராட்டம் வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தலைவர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தனி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது.

மொழிவாரி மாநிலம் கம்யூனிஸ்ட் கட்சியின் கொள்கைதான். தமிழ் ஆட்சிமொழி ஆக வேண்டும், தமிழ் பேசும் பகுதிகள் தமிழகத்தில் சேர வேண்டும் என்று ஜீவா தொடர்ந்து குரல் கொடுத்தார். 1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தபோது அவர் சபையில் உறுப்பினர். ஆனால் குமரி மண்ணில் அந்தப் போராட்டத்தின் பலன் முழுக்க நேசமணியின் கட்சிக்கும், அது போய்ச் சேர்ந்த காங்கிரஸுக்கும் போனது. அது நியாயமும்கூட, அடி வாங்கியது அவர்கள்தானே. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கம்யூனிஸ்டுகள் ஐக்கிய கேரளம் பேசிக்கொண்டிருந்ததும் இங்குள்ள தமிழர்களுக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்தின் நிழல் கட்சிமேல் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். ஜீவாவின் கையில் இருந்த பெரிய ஆயுதம் தமிழ். குமரியில் மட்டும் அந்த ஆயுதத்தை வேறொருவர் ஏற்கெனவே எடுத்து வீசி ஜெயித்தும் இருந்தார்.

இன்னொரு காரணம் நாஞ்சில் நாட்டு வயலிலேயே இருக்கிறது. தஞ்சாவூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்த மிராசுதார் ஒரு பக்கம், பண்ணையாள் மறுபக்கம். கோடு தெளிவாக விழுந்தது, சீனிவாச ராவ் அங்கே போய்ச் சங்கம் கட்ட முடிந்தது. நாஞ்சில் நாட்டில் அப்படிக் கோடு விழவில்லை. இரண்டு ஏக்கர்க்காரர், கோயில் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தவர், அதையே கீழ்க்குத்தகைக்கு விட்டவர், வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே வயலும் வைத்திருப்பவர் என்று நடுத்தட்டு பெரியது. இந்த நடுத்தட்டுக்குப் படிப்பு உண்டு, கம்பராமாயணம் கேட்கக் காது உண்டு. ஜீவா பேசினால் கூட்டம் கலையாமல் உட்கார்ந்து கேட்கும், வீட்டுக்குப் போகும், ஓட்டை மட்டும் வேறு சின்னத்தில் குத்தும். நிலச் சீர்திருத்தம் வந்தால் தன் இரண்டு ஏக்கரும் போய்விடுமோ என்ற பயம் அதற்கு இருந்தது.

ஜீவாவின் கடைசி ஆறு வருடங்களை அரசியல் கணக்கில் மட்டும் வைத்தால் தோல்விக் காலம் மாதிரி தெரியும். மறுபடி சபைக்குப் போக முடியவில்லை. என் கணக்கில் அவருடைய நிலைத்த வேலை அந்தக் காலத்தில்தான் நடந்தது. 1959-இல் 'தாமரை' இலக்கிய மாத இதழைத் தொடங்கினார். 1961-இல் கலை இலக்கியப் பெருமன்றம் உருவானது. காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் பழைய காங்கிரஸ்காரர் சா. கணேசனும் கம்யூனிஸ்ட் ஜீவாவும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கம்பனைக் கொளுத்த வேண்டும் என்று திராவிட இயக்கம் பேசிய காலம் அது. பெரியாரிடம் படித்த ஒருவர் எழுந்து, இல்லை, கம்பனை உழைக்கிறவனுக்குச் சொந்தமாக்க வேண்டும் என்றார். பாரதியை அக்கிரகாரக் கவி என்று தள்ளியவர்களிடமிருந்தும் பிடுங்கி, தேசியக் கவி என்ற சட்டகத்துக்குள் மட்டும் அடைத்தவர்களிடமிருந்தும் பிடுங்கித் தெருமுனைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நாகர்கோவிலில் அவரைச் சுற்றி இலக்கிய இளைஞர் வட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒருவர் சுந்தர ராமசாமி. ஜீவா இறந்தபோது அவர் எழுதிய அஞ்சலிக் கட்டுரையைத் தமிழ் உரைநடையின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். கட்சியோடு பிற்காலத்தில் முரண்பட்ட எழுத்தாளர் ஒருவரிடமிருந்து அப்படி ஒரு கட்டுரை வந்திருக்கிறது என்றால், ஊரில் ஜீவா விட்டுப்போனது என்ன என்று தெரிகிறது. பூதப்பாண்டியும் நாகர்கோவிலும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது ஒரு பேச்சு முறையை, ஒரு வாசிப்பை.

1963 ஜனவரி 18 அன்று சென்னையில் இறந்தார். வயது 55. மறுவருடம், 1964-இல், கட்சி இரண்டாக உடைந்தது. உடைவதைப் பார்க்காமல் போனதால் இரண்டு கட்சி அலுவலகச் சுவரிலும் அவர் படம் தொங்க முடிகிறது.

சரி, மேற்குப் பக்கம் என்ன நடந்தது?

கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் மலையோரம் வேறு உலகம். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று போனால் நெல் மறைந்து ரப்பர் வந்துவிடும். விடிவதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். மரத்துக்கு மரம் சாய்வாக ஒரு கீறல், கீழே சிரட்டை. வெயில் ஏறுமுன் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக ஓடும். பிறகு திரும்பவும் மரம் மரமாகப் போய் வாளியில் ஊற்றிச் சேர்க்க வேண்டும், சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் உரித்தெடுக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. சமவெளிப் பக்கம் வந்தால் அண்டி ஆபீஸ். முந்திரி ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். உள்ளே வேலை பார்ப்பது ஏறக்குறைய முழுவதும் பெண்கள். வறுத்த கொட்டையைத் தட்டி உடைக்கும்போது தெறிக்கும் எண்ணெய் விரலைப் பொள்ள வைத்துக் கருக்கிவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு தட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் சாப்பிட உட்காரும்போது கையைப் பார்த்தே அண்டி ஆபீஸ்காரி என்று தெரிந்துவிடும் என்பதால் கையை மறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு.

இங்கே கூலிக்காரர் யார், கூலி தருபவர் யார் என்ற கோடு தெளிவு. எத்தனை மரம் வெட்டினால் என்ன சம்பளம், எத்தனை கிலோ உடைத்தால் எவ்வளவு, போனஸ் எத்தனை சதவீதம் என்று பேசுவதற்குச் சங்கம் வேண்டும். பக்கத்துப் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் சங்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1957-இல் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி திருவனந்தபுரத்தில் அமைந்தபோது எல்லைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் அது தெரிந்தது. இந்த மண்ணில்தான் மார்க்சிஸ்ட் கட்சி வேர் பிடித்தது. தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த ஜே. ஹேமச்சந்திரன் திருவட்டாரிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை சட்டமன்றம் போனார், டி. மணி விளவங்கோட்டிலிருந்து போனார். 2004-இல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியை ஏ.வி. பெல்லார்மின் பாரதிய ஜனதாவிடமிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் கைப்பற்றினார். அதில் திமுக, காங்கிரஸ் கூட்டணியின் பங்கு பெரியது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2006-இல் திருவட்டாரில் லீமாரோஸ், விளவங்கோட்டில் ஜான் ஜோசப், இருவருமே மார்க்சிஸ்டுகள். தொகுதி மறுவரையறையில் திருவட்டார் என்ற தொகுதியே காணாமல் போனது.

இவர்கள் யாருக்கும் ஜீவாவைப் போலப் பேச வராது, வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. போனஸ் பேச்சுவார்த்தைக்குக் கம்பன் வேண்டாம், முந்தின வருடத்து ஒப்பந்த நகல் போதும். ஆனால் இதே மேற்குப் பக்கம்தான் 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்தது, 1996-இல் பத்மநாபபுரத்திலிருந்து தமிழகத்தின் முதல் பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினரை அனுப்பியது. மதமாகவும் சாதியாகவும் ஊர் பிரிந்து நின்றபோது சங்கத்திடம் கூலிக் கணக்குக்குப் பதில் இருந்தது, கோயிலும் சர்ச்சும் எழுப்பிய கேள்விக்கு இல்லை. அந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியே வளர்ந்த மனிதர் இதே மாவட்டத்தில் கிழக்கே பிறந்தவர். மேற்கின் சங்கமும் கிழக்கின் சொல்லும் ஒன்றாகக் கூடிய காலம் குமரியில் வாய்க்கவே இல்லை.

காமராஜர் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. காங்கிரஸ் சோஷலிஸ்ட் நாட்களிலிருந்து அவருக்கும் ஜீவாவுக்கும் பழக்கம். முதலமைச்சரான பிறகு தாம்பரத்தில் ஒரு விழாவுக்குப் போனவர் ஜீவா வீட்டுக்குப் போனதும், துவைத்துப் போட்ட ஒரே வேட்டி காயும்வரை ஜீவா வெளியே வரமுடியாமல் இருந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், வேட்டி மட்டும் எல்லாக் கதையிலும் ஈரமாகவே இருக்கும். 1967-இல் காமராஜர் தன் சொந்த விருதுநகரில் தோற்றுப்போனார். மறுவருடம் நேசமணி இறந்ததால் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி காலியானது. 1969 இடைத்தேர்தலில் காமராஜர் அங்கே வந்து நின்றார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், விளவங்கோடு என்று சுற்றி ஓட்டுக் கேட்டார். ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அப்போது ஜீவா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. விருதுநகர்க்காரரை நாகர்கோவில் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது, 1971-இல் மறுபடியும் ஜெயிக்க வைத்தது.